சைக்கிளில் ஒரு முஸாஃபிர்



மதரஸாவில் பிள்ளையைச் சேர்க்க வந்த ஒரு தாயார், என் அறை வாசலில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளையும் அதன் கைப்பிடியில் தொங்கிய தலைக்கவசத்தையும் பார்த்துவிட்டு, "ஹஜ்ரத், இது உங்க மகனோடதுங்களா?" என்று கேட்டார். என்னுடையதுதான் என்றேன். அவர் முகத்தில் எழுந்த வியப்பு எனக்குப் புதிதன்று. நாற்பது வயதைக் கடந்தவர், தாடி நரைக்கத் தொடங்கியவர், பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பவர், வெள்ளிக்கிழமை விடியலில் கியர் சைக்கிளில் ஜெயங்கொண்டம் சாலையில் குனிந்து விரைவதை உடையார்பாளையம் முழுவதும் பார்த்திருக்கிறது. சிலர் சிரித்தனர். சிலர் என் மனைவியிடம் நலம் விசாரித்தனர். முஹல்லாப் பெரியவர் ஒருவர் மட்டும் நேராகவே கேட்டார்: "இந்த வயசுல இது தேவையா?" அவருக்கு அன்று முழுமையாகப் பதில் சொல்ல இயலவில்லை. இப்போது எழுதுகிறேன்.

என் அத்தா துணி வியாபாரி. கடை கிடையாது, சைக்கிள்தான் கடை. ஹெர்குலிஸ் சைக்கிளின் பின் கேரியரில் கைலி, சேலை, துண்டு, பாவாடைத் துணி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு, சுத்தமல்லி, தா.பழூர், ஆண்டிமடம் என்று ஊர் ஊராகச் செல்வார். பணம் வாரத் தவணை. காலையில் சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால் மஃரிபுக்குத்தான் திரும்புவார். ஒரு நாளைக்கு ஐம்பது கிலோமீட்டர் மிதித்திருப்பார் என்று இப்போது கணக்கிடுகிறேன். அவர் கணக்கிட்டதில்லை. அவருடைய நாற்பத்தைந்தாம் வயதில் டி.வி.எஸ். மொபெட் ஒன்று வீட்டுக்கு வந்தது. ஐம்பதில் சர்க்கரை நோய் வந்தது. ஐம்பத்தாறில் அவரை அடக்கம் செய்தோம். மொபெட்டுக்கும் நோய்க்கும் முடிச்சுப் போட எனக்கு மருத்துவ அறிவு இல்லை. ஆயினும் என் நாற்பத்து மூன்றாம் வயதில், வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சர்க்கரை 168 என்றும், மூன்று மாத சராசரியைக் காட்டும் சோதனையில் 8.1 என்றும் தாளில் அச்சாகி வந்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த மொபெட்தான்.

மருத்துவர் மாத்திரை எழுதினார், நடக்கச் சொன்னார். இரண்டு மாதம் நடந்தேன். குதிகால் வலி வந்து நின்றேன். அப்போது வீட்டுப் பரணிலிருந்த அத்தாவின் ஹெர்குலிஸை இறக்கினேன். டயர்கள் உளுத்திருந்தன, போக்ஸ் கம்பிகள் துருவேறியிருந்தன. ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் இரண்டு டயர், டியூப், பிரேக் கட்டை, ஒரு செயின் மாற்றி, "ஓடும் ஹஜ்ரத், ஆனா பறக்காது" என்று சொல்லி ஒப்படைத்தார்.

முதல் நாள் ஜெயங்கொண்டம் வரை சென்று வர எண்ணினேன். போக வர பதினெட்டு கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். பாதி வழியில் இறங்கி ஒரு முந்திரித் தோப்பின் ஓரம் உட்கார்ந்துவிட்டேன். தொடை நடுங்கியது. அந்தச் சாலையில் அத்தா மூட்டையோடு போனார் என்ற எண்ணம் எனக்கு ஊக்கமாக இருக்கவில்லை, வெட்கமாகத்தான் இருந்தது.

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாக இருப்பினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்ற பொருளில் வரும் நபிமொழியைப் பிள்ளைகளுக்குப் பல்லாண்டுகளாக நான் கற்பித்து வருகிறேன். அதை வணக்கத்துக்கு உரியதாகவே கண்டிருந்தேன். கால் தசைக்கும் அது பொருந்தும் என்று எண்ணியதில்லை. சைக்கிள் பயிற்சியாளர்கள் சொல்லும் விதியும் அதுவே. ஒரு வாரத்தின் மொத்தத் தூரத்தை அடுத்த வாரம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று வாரம் கூட்டினால் நான்காம் வாரம் குறைக்க வேண்டும். தசை வலுப்பெறுவது மிதிக்கும்போது அன்று, அதற்குப் பின் ஓய்வெடுக்கும்போதுதான். இதில் என்னைப் போன்றோர் செய்யும் தவறு ஒன்று உண்டு. இதயமும் மூச்சும் சில வாரங்களில் பழகிவிடுகின்றன. மூட்டைச் சுற்றிய தசைநார்கள் பழக மாதங்கள் ஆகின்றன. மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டிவிடுவோம். முழங்கால் பின்னர்க் கணக்குக் கேட்கும்.

எனக்கும் கேட்டது. நான்காம் மாதம் முழங்காலின் முன்புறம் வலித்தது. காரணம் எளியது: சீட் தாழ்வாக இருந்தது. தரையில் கால் ஊன்ற வசதியாக இருக்கட்டும் என்று நம் ஊரில் எல்லோரும் சீட்டைத் தாழ்த்தியே வைக்கிறோம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் முழுவதும் நீள வேண்டும். முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். அளந்து பார்த்தபோது மூன்று விரற்கடை உயர்த்த வேண்டியிருந்தது. வலி இரண்டு வாரத்தில் போயிற்று. மூட்டுத் தைலத்துக்கு நான் செலவிட்ட பணத்தை மனைவி இன்றும் நினைவூட்டுவார்.

அந்த ஆண்டின் இறுதியில், திருச்சியில் ஒருவர் பயன்படுத்திய கியர் சைக்கிளைப் பதினான்காயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கும் முன் பல இரவுகள் யோசித்தேன். மதரஸா ஆசிரியரின் சம்பளம் எவ்வளவு என்பது இதைப் படிக்கும் குடும்பங்களுக்குத் தெரியும். இது வீண்விரயமா, தேவையா? மனைவிதான் முடிவு செய்தார். "மாத்திரைக்கு மாசம் எவ்வளவு ஆகுதுன்னு எழுதி வையுங்க. அது குறைஞ்சா இது தேவை. குறையலைன்னா வித்துருவோம்" என்றார். அந்தக் கணக்கு நோட்டு இன்றும் அவரிடம்தான் இருக்கிறது.

உடை பற்றிய கேள்வியும் எழுந்தது. நீண்ட தூரம் செல்வோர் அணியும் பஞ்சு வைத்த இறுக்கமான அரைக்கால் உடை, தோல் உராய்ந்து புண்ணாவதைத் தடுக்கிறது. அது இல்லாமல் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் செல்வது துன்பம். ஆனால் அதை மட்டும் அணிந்து தெருவில் இறங்க என்னால் இயலாது. தொப்புள் முதல் முழங்கால் வரை மறைக்க வேண்டும் என்ற சட்டம் ஒருபுறம். உடலின் அமைப்பு தெரியும் உடையில் ஓர் உஸ்தாத் செல்லலாமா என்ற மனவுறுத்தல் மறுபுறம். அதன்மேல் தளர்வான கால்சட்டை அணிந்து, வலக்கால் ஓரத்தைச் செயினில் சிக்காதபடி ஒரு பட்டையால் கட்டிக்கொள்கிறேன். தலைக்கவசத்தின் உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி. வியர்வை கண்ணில் இறங்காமல் அது தடுப்பதைக் கண்டு, முஸ்லிமல்லாத நண்பர் ஒருவரும் அதைப் போல் ஒன்று வாங்கிக்கொண்டார்.

எங்கள் மக்தபுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. ஆகவே நீண்ட பயணம் என்றால் வெள்ளி காலைதான். சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டு, குளித்துத் தயாராகி ஜும்ஆவின் முதல் வரிசையில் இருக்கவேண்டுமெனில் பதினொன்றரைக்குள் வீடு சேர வேண்டும். ஐந்தரை மணி நேரம். அதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. இந்த எல்லை எனக்குப் பெரிய உதவியாயிற்று. எங்கே திரும்ப வேண்டும் என்பதைக் களைப்பு தீர்மானிக்கக் கூடாது, கடிகாரம் தீர்மானிக்க வேண்டும் என்பதை அது கற்பித்தது.

திசையையும் தேர்ந்தெடுத்தேன். மேற்கே அரியலூர்ப் பக்கம் சென்றால் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள். அவை கிளப்பும் தூசியில் மூச்சு விடவே முடியாது. கிழக்கே சென்றால் ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம், மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோயில். செம்மண்ணும் முந்திரியும் கழிந்து, வயலும் வாய்க்காலும் வந்துவிடும். சோழபுரத்துக் கோபுரம் தொலைவிலிருந்தே தெரியும். முதல் ஆறு மாதம் அதுவே என் திரும்பும் இடம். போக வர நாற்பது. பின்னர் மீன்சுருட்டி, ஐம்பத்து மூன்று. அதன்பின் காட்டுமன்னார்கோயிலைத் தாண்டி லால்பேட்டை, ஏறத்தாழ எண்பத்து நான்கு.

லால்பேட்டை என்றால் தமிழகத்து ஆலிம்களுக்கு ஒரு தனி உணர்வு உண்டு. மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரி அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இயங்குகிறது. என் ஆசிரியர்களில் சிலர் அங்கு ஓதியவர்கள். அந்த ஊருக்குச் சைக்கிளில் சென்று சேர வேண்டும் என்பது ஓர் ஆசையாகவே இருந்தது. அந்த ஆசைதான் என்னைக் கொல்லப் பார்த்தது.

அன்று வழக்கம்போல் மாத்திரையை விழுங்கிவிட்டு, வெறும் தேநீர் மட்டும் குடித்துப் புறப்பட்டேன். காட்டுமன்னார்கோயிலைக் கடந்து வீராணம் ஏரியின் பக்கம் நெருங்கும்போது, வெயில் இன்னும் ஏறாத நேரத்தில், சட்டை நனையும்படி வியர்த்தது. கை நடுங்கியது. சாலையின் வெள்ளைக்கோடு இரண்டாகத் தெரிந்தது. களைப்பு என்று எண்ணி இன்னும் வேகமாக மிதித்தேன். பின்னர் நடந்தது துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. ஒரு தேநீர்க் கடை. அதன் பலகையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கடை நடத்தும் அம்மையார், "பாய், என்னாச்சு பாய்? சுகர் இருக்கா?" என்று கேட்கிறார். தலையசைத்தேன். ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி நாலைந்து கரண்டிச் சர்க்கரையைக் கலக்கிக் குடிக்க வைத்தார். அவருடைய கணவருக்கும் அந்நோய் உண்டாம். பதினைந்து நிமிடத்தில் உலகம் திரும்பி வந்தது. பணம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். லால்பேட்டைக்குள் அன்று நான் போகவில்லை.

மருத்துவர் என்னைக் கடிந்துகொண்டார், முழுக்க நியாயம். நான் சாப்பிட்டு வந்த இரண்டு மாத்திரைகளுள் ஒன்று கிளிமிப்ரைடு. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. வயிற்றில் உணவில்லை; தசைகளோ இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கின்றன; மாத்திரை இன்சுலினைச் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. மூன்றும் கூடினால் இரத்தச் சர்க்கரை விழாமல் என்ன செய்யும்? பயிற்சி செய்யும் நாளில் எதை எப்போது எடுக்க வேண்டும் என்று மாற்றி எழுதித் தந்தார். இதைப் படிக்கும் சர்க்கரை நோயாளிகள், குறிப்பாக ரமளானில் மாத்திரையோடு நோன்பு நோற்போர், தங்கள் மருத்துவரிடம் இந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் சாப்பிடும் மாத்திரை சர்க்கரையைத் தாழ விழச்செய்யும் வகையா? என் மாத்திரையைப் பற்றி நான் எழுதியதைக் கொண்டு யாரும் தாமாக எதையும் நிறுத்திவிட வேண்டாம். அன்றிலிருந்து என் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலமும் கழுத்தில் ஒரு அட்டையும் இருக்கின்றன. அட்டையில் பெயர், நோய், வீட்டுத் தொலைபேசி எண். ஒவ்வொரு முக்கால் மணிக்கும் பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏதேனும் உண்கிறேன்: வாழைப்பழம், கடலை மிட்டாய், இரண்டு பேரீச்சம்பழம். உப்பிட்ட மோர் கிடைத்தால் அதற்கு இணை வேறில்லை.

மனைவி ஒரு மாதம் சைக்கிளைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்டார். அதில் எனக்கு வருத்தமில்லை.

மறுபடி தொடங்கியபோது நோக்கம் ஒன்று மனத்தில் முளைத்திருந்தது. பயணியின் தொழுகை பற்றிய பாடத்தை நான் இருபது ஆண்டுகளாக நடத்துகிறேன். மூன்று நாள் பயணத் தூரம் என்று நம் ஹனஃபி நூல்கள் சொல்வதைப் பிற்கால ஆலிம்கள் 48 மைல், அதாவது ஏறக்குறைய 77 கிலோமீட்டர் என்று வரையறுத்தனர். அவ்வளவு தூரத்திலுள்ள இடத்தை நாடி, தன் ஊரின் கடைசி வீட்டைக் கடந்தவர் முஸாஃபிர். நான்கு ரக்அத் தொழுகை அவருக்கு இரண்டாகிறது. சுபுஹிலும் மஃரிபிலும் குறைப்பு இல்லை. மாணவர்கள் தவறாமல் கேட்கும் ஐயம் ஒன்று: போவதும் வருவதும் சேர்த்துக் கணக்கா? இல்லை, போகும் தூரம் மட்டுமே. லால்பேட்டைக்குச் சென்று திரும்பினால் எண்பத்து நான்கு கிலோமீட்டர் மிதித்திருப்பேன்; ஆனாலும் சட்டத்தின்படி நான் ஊரிலேயே இருப்பவன்தான், ஏனெனில் ஒருவழித் தூரம் நாற்பத்திரண்டு. இதைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! ஒவ்வொரு முறையும் நான் முஸாஃபிரானது பேருந்தில் அல்லது ரயிலில் உட்கார்ந்து. மூன்று நாள் பயணம் என்று நூலாசிரியர்கள் எழுதியபோது அவர்கள் மனக்கண்ணில் இருந்தவர் உட்கார்ந்திருந்தவர் அல்லர். கால் கடுக்க நடந்தவர், ஒட்டகத்தில் வந்தவர். ஒருமுறையேனும் என் உடலின் உழைப்பால் அந்த எல்லையைக் கடக்க வேண்டும் என்று விரும்பினேன்.

பரங்கிப்பேட்டை அதற்கு ஏற்ற ஊராகத் தெரிந்தது. சிதம்பரத்துக்கு அப்பால், வெள்ளாறு கடலில் கலக்குமிடத்தில், மஹ்மூது பந்தர் என்று முன்னோர் அழைத்த பழைய துறைமுகம். கைப்பேசி வரைபடத்தில் ஊர் எல்லையிலிருந்து அளந்தபோது எண்பதைச் சற்றே தாண்டியது. இவ்வளவு நெருக்கமான எல்லையில் தயக்கம் எழுந்ததால் என் உஸ்தாதிடம் தொலைபேசியில் கேட்டேன். அவருக்கு எண்பது வயது நெருங்குகிறது. எல்லையைத் தாண்டியது உறுதியென்றால் குறைத்துத் தொழு, ஐயமிருந்தால் முழுமையாகத் தொழு என்று சட்டத்தைச் சொல்லிவிட்டு, "சைக்கிள்ல போறதுக்கு முன்னாடி பிரேக்கைப் பாரு" என்றார்.

அரையாண்டு விடுமுறையில் ஒரு திங்கட்கிழமை. வாகனத்தில் ஏறும்போது ஓத வேண்டிய, ஸுக்ருஃப் அத்தியாயத்தில் வரும் அந்த துஆவை ஓதி, விளக்கு வெளிச்சத்தில் புறப்பட்டேன். ஊரின் கடைசி வீட்டின் திண்ணையில் படுத்திருந்த நாய் தலை தூக்கிப் பார்த்தது. அந்த வீட்டை எத்தனையோ ஆயிரம் முறை கடந்திருக்கிறேன். அன்றுதான் அது எல்லையாக இருந்தது.

மார்க்கம் எளிதானது என்று தொடங்கும் நபிமொழி ஒன்று புகாரியில் இருக்கிறது. அதன் இறுதியில், காலையிலும் மாலையிலும் இரவின் ஒரு பகுதியிலும் பயணம் செய்து இலக்கை அடையுங்கள் என்ற கருத்தில் அறிவுரை வரும். வணக்கத்துக்குப் பயணியை உவமையாக்கியது அது. உவமை சொல்லப்பட்டோர் வெப்பநாட்டில் நெடுந்தூரம் சென்று பழகியவர்கள். நண்பகலில் செல்பவன் வாகனத்தையும் இழந்து ஊரும் சேரமாட்டான் என்பது அவர்களுக்கு விளக்கத் தேவையில்லாத செய்தி. எனக்குத் தேவைப்பட்டது. முன்னர் ஒரு சித்திரை மாதத்தில் பத்து மணிக்கு மேல் மிதித்து இரண்டு நாள் படுக்கையில் கிடந்திருக்கிறேன். இம்முறை பதினொன்றரைக்குப் பரங்கிப்பேட்டை சேர்ந்து, பள்ளிவாசலின் குளிர்ந்த தரையில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டேன்.

ஒரு வேடிக்கை நடந்தது. எல்லையை அளந்து, உஸ்தாதிடம் கேட்டு, இரண்டு ரக்அத் தொழும் ஆவலோடு வந்த நான், ளுஹரை நான்கு ரக்அத்தாகவே தொழுதேன். உள்ளூர் இமாமின் பின்னால் ஜமாஅத்தில் நின்றால் பயணியும் முழுமையாகவே தொழ வேண்டும். பாடத்தில் அடுத்த பக்கத்திலேயே உள்ள சட்டம். அதை நானே மறந்திருந்தேன். திரும்பும் வழியில் லால்பேட்டைப் பள்ளியை அடைந்தபோது அஸர் ஜமாஅத் முடிந்திருந்தது. ஒரு தூணின் அருகே தனியாக நின்று இரண்டு ரக்அத் தொழுது ஸலாம் கொடுத்தேன். எழும்போது முழங்கால் நடுங்கியது. அருகிலிருந்த இளைஞர், "எந்த ஊர் ஹஜ்ரத்?" என்றார். சொன்னேன். "பஸ்லயா?" என்றார். வெளியே சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளைக் காட்டினேன். அந்த ஒரு கணத்தில் எனக்குள் எழுந்த பெருமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதற்காக வழியெல்லாம் இஸ்திஃபார் செய்துகொண்டே வந்தேன். வீடு சேர்ந்தபோது இஷா பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தது. நூற்று அறுபத்திரண்டு கிலோமீட்டர்.

இதன் பிறகுதான் நண்பர் ஒருவர் மூலம் ராண்டனியரிங் என்னும் நெடுந்தூரச் சைக்கிள் பயணங்களைப் பற்றி அறிந்தேன். 1897-இல் இத்தாலியில் சிலர், ஒரு பகல் பொழுதுக்குள் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை சைக்கிளில் செல்ல முயன்றதிலிருந்து இது தொடங்குகிறது. 1904-இல் பாரிசில் இதற்கென ஒரு கழகம் தோன்றியது. அதன் விதிகளின்படியே இன்று உலகெங்கும் 200, 300, 400, 600 கிலோமீட்டர்ப் பயணங்கள் நடக்கின்றன. நம் நாட்டில் ஆடாக்ஸ் இந்தியா அமைப்பு இவற்றை ஒருங்கிணைக்கிறது. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. உணவும் உறக்கமும் இதற்குள்ளேதான். இடையிடையே உள்ள நிலையங்களில் அட்டையில் முத்திரை பெற வேண்டும். அந்த நிலையங்களைத் தவிர வழியில் ஆதரவு வாகனம் உதவக்கூடாது. பஞ்சர் ஆனால் தானே ஒட்ட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று: முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் கிடையாது. நேரத்துக்குள் முடித்தோர் அனைவரும் சமம். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாரிசிலிருந்து பிரெஸ்ட் நகருக்குச் சென்று திரும்பும் 1200 கிலோமீட்டர்ப் பயணம் இவர்களுடைய பெருங்கனவு. 1891-இல் பந்தயமாகத் தொடங்கியது அது. 2019-இல் இந்தியாவிலிருந்து நூற்றுக்கணக்கானோர் சென்றனர். எதிர்க்காற்றிலும் குளிரிலும் பலர் முடிக்க இயலாமல் திரும்பினர்.

என் முதல் 200 ஒரு டிசம்பர் மாதத்தில், சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை சென்று திரும்புவது. நான் அதில் தோற்றேன். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதம் அது. தெற்கே போகும்போது காற்று முதுகைத் தள்ளியது. அதை என் வலிமை என்று எண்ணிக்கொண்டேன். இளைஞர்களோடு சேர்ந்து பறந்து, உப்பளங்கள் வெண்மையாகப் பரந்த மரக்காணத்தை நான்கு மணி நேரத்தில் அடைந்தேன். அங்கே ளுஹரைக் குறைத்துத் தொழுதுவிட்டு வடக்கே திரும்பியபோது அதே காற்று முகத்தில் அறைந்தது. இருபத்தைந்தில் ஓடிய சைக்கிள் பதினொன்றில் ஊர்ந்தது. காற்றைத் திட்டக்கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) தடுத்திருக்கிறார்கள். அன்று என் வாயில் வரவில்லை, உள்ளத்தில் வந்தது. மாமல்லபுரத்தை அடைந்தபோது மாலை ஐந்து மணி. நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரமே மீதி. தொடைத் தசைகள் பிடித்து முறுக்கின. அஸர் தொழுதுவிட்டு, பயணத்தைக் கைவிடுவதாக அமைப்பாளருக்குத் தொலைபேசியில் தெரிவித்தேன். தெரிவிக்காமல் விலகினால் இருட்டில் தேடுவார்கள். சைக்கிளைப் பேருந்தில் ஏற்ற மறுத்தனர். காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு சுமை ஆட்டோவில், காலிச் சாக்குகளின் மேல் சைக்கிளோடு படுத்தபடி சென்னைக்குச் சென்றேன்.

அதற்கடுத்த வாரம் மக்தபில் ஒரு சிறுவன் கேட்டான்: "உஸ்தாத், கேரளாவுல இருந்து ஒருத்தர் ஹஜ்ஜுக்கு நடந்தே போனாராமே, நீங்க சைக்கிள்ல போவீங்களா?" மலப்புரத்து ஷிஹாப் சோட்டூர் 2022-இல் புறப்பட்டு மறு ஆண்டு சென்று சேர்ந்ததை அவன் கைப்பேசியில் பார்த்திருந்தான். மாமல்லபுரத்திலிருந்து சென்னைக்கே போக முடியவில்லை என்று அவனிடம் சொன்னேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றுதான் மறுபடி முயல வேண்டும் என்ற எண்ணம் வந்தது.

அந்த ஆண்டு ரமளானில் சைக்கிளைத் தொடவில்லை. தராவீஹுக்குப் பின் மதரஸா மைதானத்தைச் சுற்றி நடந்ததோடு சரி. ஷவ்வாலில் பழைய வலிமை பாதிதான் மிஞ்சியிருந்தது. மீண்டும் சோழபுரம், மீன்சுருட்டி என்று படிப்படியாகத் தொடங்கினேன். இம்முறை வேகத்தைப் பயிலவில்லை. வீராணம் கரையில் எதிர்க்காற்றைத் தேடிச் சென்று, அதில் பொறுமையாக, சிறிய கியரில், கால்கள் நிமிடத்துக்கு எண்பது சுற்றுச் சுற்றும்படி மிதிக்கப் பயின்றேன். காற்றோடு மல்லுக்கட்டும் கால் சீக்கிரம் ஓய்ந்துவிடுகிறது.

மறு டிசம்பரில் அதே சாலை. தெற்கே போகும்போது எல்லோரும் என்னைக் கடந்து சென்றனர், விட்டுவிட்டேன். மரக்காணத்தை ஐந்து மணி நாற்பது நிமிடத்தில் அடைந்தேன். தொழுகைகளுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்னரே எழுதி வைத்திருந்தேன்: உளூவோடு ளுஹருக்குப் பன்னிரண்டு நிமிடம், அஸருக்குப் பத்து, மஃரிபுக்குப் பத்து. கடிகாரம் தொழுகைக்காக நிற்பதில்லை, தேநீருக்காகவும் நிற்பதில்லை. மஃரிபைச் சாலையோரத்தில் ஒரு சவுக்குத் தோப்பின் அருகே துண்டை விரித்துத் தொழுதேன். பின்னால் வந்த இளைஞர் ஒருவர், முஸ்லிமல்லாதவர், நின்று தம் சைக்கிளின் விளக்கை அணைக்காமல் என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, நான் ஸலாம் கொடுக்கும்வரை காத்திருந்தார். இருவரும் சேர்ந்தே முடித்தோம். பன்னிரண்டு மணி ஐம்பது நிமிடம்.

மூன்று மாத சராசரி இப்போது 6.6. கிளிமிப்ரைடை மருத்துவர் நிறுத்திவிட்டார், மற்றொன்று தொடர்கிறது. மனைவியின் நோட்டில் பதினான்காயிரம் இன்னும் ஈடாகவில்லை, நெருங்கியிருக்கிறது. இன்ஷா அல்லாஹ் வரும் தை மாதம் 300. அதில் இரவுப் பயணம் உண்டு. எதிரொளிக்கும் மேலங்கியும் இரண்டு விளக்குகளும் கட்டாயம். மனைவி இன்னும் சரி என்று சொல்லவில்லை.

அன்றிரவு சென்னையிலிருந்து அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். இருநூறு கிலோமீட்டர் முடித்தேன் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. "எவ்வளவு நேரம்?" என்றார். சொன்னேன். "மூட்டை இருந்துச்சா?"

"இல்லம்மா."

"உங்க அத்தா ஆண்டிமடம் போய்ட்டு வந்து, மூட்டையை இறக்கிட்டு, மொதல்ல சைக்கிளைத்தான் தொடைப்பாரு. அதுக்கப்புறம்தான் சோறு கேப்பாரு. நீ சைக்கிளைத் தொடச்சியா?"

தொடைக்கவில்லை. எழுந்து போய்த் துடைத்தேன்.